மறைவுத் திகதி

துசியந்தனின் முகம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது.

கணினித் திரையின் இடதுபக்க மேல் மூலையில், கோப்புகளின் வரிசையில் முதலாவதாக, ஐந்து வருடமாக அந்த முகம்தான் இருந்தது. தபால் முத்திரை அளவு. சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பதினாறு வயது முகம். சின்ன வயதில் தூண்டில் கொழுவிக் கிழிந்த இடது காதுச் சோணை கூட அந்த அளவிலேயே தெரியும். ஸ்ரெல்லா காலையில் கணினியைப் போட்டதும் தம்பியைப் பார்ப்பாள். வாசலில் செருப்புக் கிடக்கிறதா என்று பார்ப்பதுபோல, பார்க்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். இப்போது அங்கே மூலை மடிந்த வெறும் தாளின் அடையாளம். அவள் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். பக்கத்தில், போன மாதம் செத்த கரைவலைச் சம்மாட்டியாரின் முகமும் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது.

அதற்குப் பக்கத்து முகமும் போனது. பிறகு அந்த வரிசை முழுவதும்.

வெளியே காலையில் பிடித்த மழை விடவில்லை. நவம்பர் முதலாம் திகதி, பின்னேரம் மூன்று மணிதான், ஆனாலும் வீடு இருண்டு கிடந்தது. ஓட்டில் விழும் மழையின் இரைச்சலுக்குக் கீழே கடலின் இரைச்சலும், அதற்கும் கீழே கணினிப் பெட்டிக்குள் விசிறி சுற்றும் சத்தமும் கேட்டன. அந்த விசிறி வழமையாக இப்படிச் சுற்றாது. உள்ளே எதுவோ ஓடியோடி வேலை செய்துகொண்டிருந்தது, சூடான தூசியின் மணம் அறைக்குள் வரத்தொடங்கியிருந்தது, மேசையில் வைத்திருந்த அவளது உள்ளங்கைக்குக் கீழே பலகை மெல்ல அதிர்ந்தது.

முல்லைத்தீவுக்கும் நாயாற்றுக்கும் இடையில் உள்ள அந்தக் கரையோரக் கிராமத்தில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலித் துண்டு அடிக்க ஸ்ரெல்லாவிடம்தான் வருவார்கள். கறுப்புக் கரை, மூலையில் அவளே வரைந்த வெள்ளை லில்லிப் பூ, நடுவில் படம், கீழே பிறப்பு, மறைவு. ஊரில் பாதிப் பேரிடம் செத்தவர்களின் வேறு படம் கிடையாது. கடைசி இடம்பெயர்வில் எல்லாம் போய்விட்டது. மிஞ்சியதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான். நாளைக்கு ஆத்துமாக்களின் திருநாள். விடியப்புறம் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, பூசை வைத்து ஊரின் மரித்தோர் எல்லாரையும் பெயர் சொல்லி மன்றாடுவார்கள். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்வதும் அவள்தான். இருநூற்றுப் பதினான்கு பெயர். அதுவும் இப்போது ஒரு வெள்ளைத் தாள்.

பிழை யாருடையது என்று அவளுக்கு உடனே தெரிந்தது.

பழைய பட்டியல் பழைய எழுத்துருவில் இருந்தது. ஒருமுறை கணினியைத் திருத்தியதில் அந்த எழுத்துரு போய்விட்டது. செவ்வாய்க்கிழமை எங்கேயோ ஓர் இணையத்தளத்தில் சும்மா கிடைத்ததை இறக்கினாள். அன்ரிவைரஸ் அதை மூன்று தரம் பிடித்து வெளியே எறிந்தது. நாலாம் தரம் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. முல்லைத்தீவில் கணினி திருத்தும் சுமனைக் கேட்டாள். ஐந்து நிமிடம் அதை நிறுத்திவிட்டு எழுத்துருவைப் போடலாம், ஆனால் மறக்காமல் திரும்பப் போட வேண்டும், அதற்கு முதல் கோப்புகளின் பிரதி இருக்கும் வெளி ஹாட் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும் என்று அவன் சொன்னான். இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான். ஸ்ரெல்லா முதல் பாதியைச் செய்தாள். ஹாட் டிஸ்க்கின் வயர் லூசு, ஒருமுறை கழற்றினால் மறுபடி பிடிக்க அரை மணித்தியாலம் எடுக்கும், ஆகவே கழற்றவில்லை. உங்கள் கணினிக்குப் பாதுகாப்பு இல்லை என்று நாலு நாளாகத் திரையின் கீழ் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதை மூடிவிட்டுப் பெயர்களை அடித்தாள்.

இப்போது ஹாட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தாள். அங்கேயும் வெள்ளைத் தாள்கள்.

சுமன் போனை எடுத்ததும் முதலில் வைஃபை பெட்டியை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினாள். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற கூட்டம் இது, எவ்வளவு கேட்டாலும் கட்டக்கூடாது, திரையில் ஒரு கடிதம் வரும், அதை வாசித்துச் சொல்லுங்கள் என்றான். அவன் சொல்லி வாய் மூடவில்லை, திரை முழுவதும் கறுத்தது.

கறுப்புக் கரை. மூலையில் வெள்ளை லில்லிப் பூ.

அவள் வரைந்த பூ. அவள் கட்டிய சட்டம். நடுவில் துசியந்தன், மேல் பொத்தான் வரை பூட்டிய சட்டையோடு. படத்துக்குக் கீழே, பிறப்பு: 14.09.1991. அதற்குக் கீழே, மறைவு. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வெறும் பெட்டி. பெட்டிக்குள் ஒரு கோடு விட்டுவிட்டு மின்னியது. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: நிரப்பினால் எல்லாம் திரும்பும். அதற்கும் அடியில் மூன்று மணித்தியாலத்திலிருந்து நேரம் குறைந்துகொண்டு போனது.

"என்ன அக்கா, எவ்வளவு கேக்கிறாங்கள்?" என்றான் சுமன்.

"காசு கேக்கேல்லைத் தம்பி. திகதி கேக்குது."

அப்படியொன்றை நான் கேள்விப்பட்டதில்லை, எதையும் தொட வேண்டாம், திங்கட்கிழமை பெட்டியைக் கொண்டுவாருங்கள் என்றான். திங்கட்கிழமை. பூசை நாளைக்கு. ஸ்ரெல்லா போனை வைத்துவிட்டு, பிறந்த திகதி எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்தாள். தெரியாமல் என்ன, அவனுக்காக எழுதிய முறைப்பாடுகள் எல்லாம் இதே பெட்டிக்குள்தானே கிடக்கின்றன, கள்ளர் வாசித்திருப்பார்கள். அந்த விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. பிடரி மயிர் மட்டும் குத்திட்டபடியே நின்றது.

சண்டை முடிந்த அந்த 2009 மே மாதம் சனத்தோடு சனமாக வெளியே வந்தபோது, பெயர் பதிய வேண்டும் என்று சொல்லி ஆமிக்காரர் இளந்தாரிகளைப் பேருந்தில் ஏற்றினார்கள். துசியந்தன் தயங்கினான். போய்ப் பதிந்துவிட்டு வா என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டது அம்மாதான். பதினாறு வருடம். அந்த பஸ் எங்கே போனது என்று சொல்ல ஒருவரும் இல்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்க ஆட்கள் மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். என்ர வாயால் திகதி சொல்லமாட்டேன் என்பது அவளது ஒரே பேச்சு. காணாமல் போனோருக்காகப் போராடும் றோட்டோரக் கொட்டிலில் மற்றத் தாய்மாரோடு அவள் பிடித்துக்கொண்டிருக்கும் படம் வெயிலில் வெளிறி முகமே இல்லாமல் போய்விட்டது. திரும்ப அச்சடிக்க இந்த ஒரு கோப்புத்தான் இருந்தது. கனடாவிலிருந்து அதை அனுப்பிய பெரியம்மா இப்போது இல்லை, அது வந்து சேர்ந்த ஸ்ரெல்லாவின் பழைய போன் களப்புக்குள் விழுந்து இரண்டு மாதம்.

குசினிக்குள் அம்மா புனிதம் மெழுகுதிரிகளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தாள். புருசனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. துசியந்தனுக்கும் ஒன்று வாங்குவாள். அதைச் சேமக்காலைக்குக் கொண்டுபோய்க் கொளுத்தாமல் திருப்பிக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைப்பாள். அலுமாரிக்குள் மஞ்சள் பூத்த மெழுகுதிரிகள் பதினைந்து கிடந்தன. வீடு முழுவதும் அந்த மெழுகு மணம்தான்.

நாலரைக்குக் கரண்ட் போனது. றோட்டு முழுவதும் இருட்டு. யூபிஎஸ் பெட்டி கீக் கீக் என்று கத்தியது. அது பத்து நிமிடம் தாங்கும், பிறகு எல்லாம் அணைந்துவிடும் என்று ஸ்ரெல்லா மணிக்கூட்டைப் பார்த்தாள். அணைந்தால் நல்லது என்றுதான் நினைத்தாள். பத்தாவது நிமிடம் கத்தல் நின்றது. யூபிஎஸ்ஸின் பச்சை விளக்கும் போனது.

திரை அணையவில்லை.

விசிறி சுற்றியது. துசியந்தன் வெளிச்சத்தில் இருந்தான். பெட்டிக்குள் கோடு மின்னியது. அவள் குனிந்து மேசைக்கடியில் வயரைத் தொட்டுப் பார்த்தாள். சுவரில் செருகித்தான் இருந்தது, சுவரில்தான் கரண்ட் இல்லை. பிடுங்கினாள். விசிறி சுற்றியது.

ஒன்றரை மணித்தியாலம் மிச்சம்.

உண்மையைச் சொல்வதென்றால், ஸ்ரெல்லா இந்தத் திகதியைப் பலமுறை மனதுக்குள் எழுதியிருக்கிறாள். செத்துவிட்டான் என்று தெரிந்தால் ஒருநாள் நன்றாக அழுது முடித்துவிட்டு மனிசராய் இருக்கலாமே என்று நினைத்திருக்கிறாள். நாயாற்று இறால் வாடியில் தங்கியிருக்கும் புருசன் றெஜியிடம்கூட அதைச் சொன்னதில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் சோற்றில் ஒரு கைப்பிடி கூடப் போடுவதைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஆனால் விரலால் எழுதுவது வேறு. மே என்று அடிக்கக் கை எழும்பவில்லை. எழுதினால் அவனைக் கொன்றது மாதிரி.

பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. செத்த திகதி என்று ஏன் பழைய திகதியையே கொடுக்க வேண்டும்? எதிர்காலத்தில் ஒன்றைப் போட்டால் அவன் இன்றைக்கு உயிரோடு இருக்கிறான் என்றுதானே ஆகும்? 2090 என்று அடித்தாள். எழுத்துகள் தாங்களாகவே அழிந்தன. 2060. அழிந்தது. அடுத்த வருடம். அழிந்தது. கரையில் மீனை ஏலம் கூறும்போது விலையை இறக்கி இறக்கிப் பார்ப்பதுபோல அவள் இறங்கினாள். நத்தார். அடுத்த வெள்ளி. நாளை மறுநாள். அழிந்தது, அழிந்தது, அழிந்தது.

02.11.2025.

நின்றது.

நாளைக்கு. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தாள். நாளைக்குச் சாகிறவன் இன்றைக்குச் செத்தவனில்லை. அம்மாவின் பிடிவாதத்துக்கும் பங்கமில்லை, ஊரின் முகங்களும் திரும்பும், இது வெறும் மெசின், அதற்கென்ன தெரியும். பொத்தானை அழுத்தினாள்.

அதே நொடியில் கரண்ட் வந்தது. வீட்டில் விளக்கெல்லாம் எரிந்தன, பிடுங்கிப்போட்ட கணினி முதலே எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தாள்கள் முகங்களாயின. சம்மாட்டியார் வந்தார். சனம் சனமாய் வந்தது. ஸ்ரெல்லா சத்தம் போட்டு அழுதாள். நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கியது போலிருந்தது. வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கோயில் வேலை பார்க்கும் இராயப்பு மழைக்கோட்டோடு நின்றார், பட்டியல் ஆயத்தமா என்று பாதர் கேட்டுவிட்டாராம். அவள் அவசரமாக வயர்களைச் செருகி ஆறு பக்கத்தையும் அச்சடித்து, பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தாள். வாசித்துப் பார்க்கவில்லை. நனைந்துகொண்டு நிற்கிற மனிசனை எவ்வளவு நேரம் காக்கவைப்பது?

திரும்பி வந்து, இனி நேரம் கடத்தக்கூடாது, அம்மாவுக்குப் புதுப் படம் ஒன்று அடிப்போம் என்று துசியந்தனின் கோப்பைத் திறந்தாள்.

படத்தில் அந்தப் பொடியன் இல்லை.

ஓர் ஆம்பிளை கதிரையில் இருந்தான். முப்பது தாண்டிய வயது, ஒட்டிய கன்னம், நெற்றிக்கு மேலே மயிர் கொட்டியிருந்தது. பின்னால் சாந்து பூசாத சுவர், ஒரு குண்டு பல்பு, சாத்திய கதவு ஒன்று. சுவரில் தாள் கிழிக்கும் நாட்காட்டி. அதில் பெரிய சிவப்பு எழுத்தில் 1. அவன் படம் எடுப்பவனைப் பார்த்துக்கொண்டிருந்தான், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகத்தோடு. அவளது கண் தானாகவே இடது காதுக்குப் போனது.

சோணை கிழிந்திருந்தது.

அவள் படத்தை மூடினாள். திறந்தாள். அவன் அப்படியே இருந்தான். கதவு மட்டும் ஒரு விரல் அளவு திறந்திருந்தது.

மூடினாள். திறந்தாள். இரண்டு விரல்.

திரையில் வந்த அந்த அஞ்சலித் துண்டைத் தேடினாள். அது எல்லாக் கோப்புகளோடும் ஒன்றாக, முடிந்த வேலையாக, அமைதியாகக் கிடந்தது. திகதியை அழித்தாள். அழிந்த இடத்தில் திரும்ப வந்தது. கோப்பையே அழித்தாள். திரும்ப வந்தது. நாலு நாளாக மூடி வைத்த அன்ரிவைரஸைப் போட்டு, முழுக் கணினியையும் தேடச் சொன்னாள். அது ஒவ்வொரு முகமாகத் தேடியது. தேடி முடித்துப் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் போட்டது. அச்சுறுத்தல் எதுவும் இல்லை. உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது.

"ஆர் பிள்ளை அது?"

அம்மா பின்னால் நின்றாள். கையில் மெழுகுதிரிப் பொதி. ஸ்ரெல்லா திரையை மறைக்க எழுந்தாள், ஆனால் பிந்திவிட்டது. புனிதம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள். கிட்டப் போனாள். முகத்தையோ மயிரையோ அவள் பார்க்கவில்லை, நேராகக் காதைத்தான் பார்த்தாள்.

"நான் சொன்னனான்தானே," என்றாள். குரல் மிகவும் மெல்லியதாக இருந்தது. "பதினாறு வருசமாச் சொன்னனான்தானே."

அன்றிரவு அவள் படுக்கவில்லை. கதிரையைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு இருந்தாள். சாப்பிட்டாயா ராசா என்று கேட்டாள். மெலிந்துபோனாய் என்றாள். பஸ்ஸில் ஏற்றிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள், திரும்பத் திரும்பக் கேட்டாள். ஸ்ரெல்லா வயரைப் பிடுங்கக் குனிந்தபோது, "கை வச்சியெண்டால் இனி உனக்கும் எனக்கும் ஒண்டுமில்லை," என்றாள் திரும்பிப் பாராமலே. பிடுங்கினாலும் அணையாது என்று ஸ்ரெல்லாவுக்குத் தெரியும். திகதி போட்டது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அப்படியொரு சந்தோசத்தை அந்த முகத்தில் அவள் முன்பு கண்டதில்லை.

விடியப்புறம் ஐந்து மணிக்கு மழை விட்டிருந்தது. கோயில் மணி ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அடித்தது. இந்த ஆண்டு சேமக்காலைக்குப் போகிற எண்ணமே அம்மாவுக்கு இல்லை. ஸ்ரெல்லா மேசை ஓரமாக நின்று படத்தைப் பார்த்தாள். நாட்காட்டியில் 2. கதவு பாதி திறந்திருந்தது. அதற்கப்பால் இருட்டு.

ஒலிபெருக்கியில் பாதர் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். சேமக்காலை ஒரு கிலோமீற்றர் தூரம்; ஈரக் காற்றில் குரல் பக்கத்து வளவில் கேட்பதுபோல வந்தது. அவள் எதற்கென்று தெரியாமலே பட்டியலின் கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்துக்கு இறக்கினாள்.

215.

துசியந்தன். மறைவு 02.11.2025.

அவள் அடிக்காத வரி. அவள் அச்சடித்த வரி. அவள் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்த வரி.

பாதர் நூற்றெண்பதுகளில் இருந்தார். ஓடினால் சேறும் மணலும், கால் மணித்தியாலம். போனை எடுத்தாள். விரல் வழுக்கியது. பாதருக்கு அழைப்புப் போனது. ஒலிபெருக்கிக்குள் ர்ர்ர் என்று ஏதோ அதிர்ந்தது. அவரது போன்தான், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில். ஊர் முழுவதும் அதைக் கேட்டது. பாதர் தொண்டையைச் செருமினார். அதிர்வு நின்றது. இருநூற்று மூன்றாவது பெயரை வாசித்தார்.

மறுபடி எடுத்தாள். போன் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்றது பதிவுக் குரல்.

இராயப்பு. அவருக்குப் போனே இல்லை.

இருநூற்றுப் பத்து. கதவு முக்கால்.

பதினொன்று. பன்னிரண்டு.

"அம்மா. பாக்காதேங்கோ. அம்மா."

பதின்மூன்று. சம்மாட்டியார், பதினான்கு.

இடைவெளி. பாதர் தாளைக் கிட்டப் பிடித்துப் பார்க்கிறார் போல. தாள் சரசரத்தது. பிறகு வாசித்தார். துசியந்தன்.

எங்கள் சகோதரருக்காக மன்றாடுவோம் என்று ஊர் சொன்னது.

புனிதத்துக்கு அது கேட்கவில்லை. அவள் திரைக்கு மிகக் கிட்டக் குனிந்திருந்தாள், அந்த வெளிச்சம் முகமெல்லாம் வழிந்தது. படத்தில் கதவு முழுதாகத் திறந்திருந்தது. துசியந்தன் இப்போது அவர்களைப் பார்க்கவில்லை. கதிரையின் இரண்டு பக்கமும் இறுகப் பிடித்தபடி, கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆரோ கூப்பிட வந்திருக்கினம் பிள்ளை," என்றாள் அம்மா. கண்ணீரோடு சிரித்தாள். "விடப்போகினம் போல."

விரலால் அவனது கிழிந்த காதைத் தடவிக்கொடுத்தாள். படத்துக்குள் பல்பு அணைந்தது.